சின்ன இஞ்சின்

எங்கள் வீட்டில் மெஷின் சமாச்சாரமெல்லாம் மாமாவின் இலாகா. அம்மா ஒரு ஸ்குருவைத் திருகுவதாக இருந்தாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அம்மா கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் ஒரு விருந்தினர் மாளிகையில் தோட்ட வேலை பார்த்தாள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அங்கிருந்த பழைய புல்வெட்டும் மெஷினின் இஞ்சின் அடியோடு படுத்துவிட்டது. மற்றபடி மெஷின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. வேறு இஞ்சின் வாங்கி மாட்டச் சொன்ன முதலாளி, சீசனுக்குள் ஓடாவிட்டால் புல்லை எடுத்துவிட்டு சிமெண்ட் கல் பதித்துவிடுவேன் என்றார். புல் போனால் அம்மாவின் வேலையும் போகும்.

வில்பட்டியில் பூண்டு போடும் மாமா, தன் மருந்தடிக்கும் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். இறக்கிய பிறகுதான் அதன் தண்டு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எங்கள் மெஷினில் பிளேடைச் சுற்ற, தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

“இத மாட்டினா புல்ல வெட்டாதுண்ணே, நம்ம கால வெட்டும்” என்றாள் அம்மா. மாமா அதை வந்த வழியே தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அம்மா பழைய இஞ்சினைக் கவிழ்த்துப் போட்டாள். தண்டின் முனையைத் துணி சோப்பில் அழுத்தி அச்சு எடுத்தாள். அடிப்பக்கத்தில் காலண்டர் தாளை வைத்து அடுப்புக்கரியால் தேய்க்க, போல்ட் துளைகள் வட்டம் வட்டமாக எழும்பி வந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஸ்கேல் வைத்துப் போட்டாலும் எனக்குக் கோடு நேராக வராது.

மாமாவையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனோம். பழனி பஜாரில் இஞ்சின் கடை பாய் சோப்பைப் பார்த்துச் சிரித்தார். புது இஞ்சினின் தண்டை அச்சில் வைத்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “நீங்க மெக்கானிக்குங்களா?” என்று மாமாவைக் கேட்டார். மாமா மறுக்கவில்லை.

அளவுக்குப் பொருந்தியவை மூன்று. “கொடைக்கானல் ஒசரத்துல காத்து லேசுங்க. இஞ்சினுக்கு இழுவ கொறஞ்சிரும். பெருச எடுத்துக்கிருங்க” என்றார் பாய். மாமாவும் அதையே சொன்னார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

“கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணுத்தா.”

பெரியது அசையவே இல்லை. அடுத்தது உறுமிவிட்டு அடங்கியது. சின்னது என் இரண்டாவது இழுப்பில் கடை அதிர ஓட ஆரம்பித்தது. “இதையே குடுங்க” என்றாள் அம்மா.

“பச்சப்புள்ள வெளாடவா வாங்குற? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?” என்று மாமா சத்தம் போட்டார். அம்மா முதலாளி கொடுத்த பணத்தை எண்ணி பாயிடம் நீட்டினாள்.

சின்ன இஞ்சின் ஈரப்புல்லில் திணறத்தான் செய்தது. அம்மா பிளேடை உயர்த்தி வைத்து ஒரு தடவை, தாழ்த்தி வைத்து மறு தடவை என்று இரண்டு நடை வெட்டினாள். சீசனுக்கு வந்த முதலாளி புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றினார். அதன்பின் கல் பேச்சு எழவில்லை. நானோ, இஞ்சினைத் தேர்ந்தெடுத்ததே நான்தான் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் முழுக்க அம்மா சோற்றுப்பானையை இடது கையால் இறக்கியதையும், எனக்குச் சடை பின்னும்போது பாதியில் கையைத் தொங்கப்போட்டு நின்றதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுடைய வலது தோளில் ஒரு சின்னப் பிள்ளையின் பலம்தான் மிச்சம் என்று முதலாளிக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. எனக்கு அம்மா அளவுக்குப் பலம் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.