சாக்குக்குள் இருந்த கைகள்

எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸராக நான் இருந்தேன். புதிய களைக்கொல்லி அடிக்கும் பெண்களில் ஒருவர், என்னிடம் பேசும்போதெல்லாம் இரண்டு கைகளையும் இடுப்பில் கட்டிய சாக்குக்குள் நுழைத்துக்கொள்வார். குளிருக்காக என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் களைக்கொல்லியை எல்லாத் தோட்டங்களுக்கும் கொண்டுபோக ஒரு மந்திரிக்கு அவசரம். ஆனால் அதை அடித்தவர்களின் ரத்தப் பரிசோதனை மோசமாக வந்திருந்தது.

"எல்லாருக்கும் நல்லாருக்குன்னு எழுதி, கைரேகை வாங்கிடு," என்றார் மானேஜர். எழுதினேன்.

"என்னாங்கய்யா எழுதியிருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒடம்பு நல்லாருக்குன்னு."

"அப்ப சரிலா. நீங்க பாத்து சொன்னா போதும்."

சாக்கிலிருந்து கையை எடுத்தார். விரல்களில் நகமே இல்லை. மையில் தொட்டுக் கட்டைவிரலை வைத்தார். தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. வழவழவென்று நீலத் திட்டு மட்டும்.

"சரியா வுழலீங்களா? என் கைதாங்க கோளாறு," என்று கூச்சத்தோடு என்னைப் பார்த்தார்.

அப்போதாவது அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். அவருடைய விரலைப் பிடித்து, நானே இன்னொரு முறை அழுத்தி வைத்தேன்.