டாலா, ஷார்ட்டா

என் மனைவி என்னை "என்னங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவனை "டா" என்பாள். "சொல்லுடா", "அப்புறம்டா", "போடா லூசு". பாலிடெக்னிக்கில் அவளோடு படித்தவன், அந்தக் காலத்துப் பழக்கம், இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டம்மா யாரையாவது சிரித்துக்கொண்டே "போடா லூசு" என்று சொல்லட்டும், அப்புறம் வந்து கேளுங்கள். மரியாதை எல்லாம் எனக்கு, உரிமை எல்லாம் அவனுக்கு. இது என்ன நியாயம்?

அவன் ஆறடிக்கும் மேலே. நான் எம்ஆர்டி ரயிலில் மேல் கம்பியை எட்டிப் பிடிக்க குதிகாலைத் தூக்க வேண்டிய ஆள். அவன் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே இங்கே வந்து கடை வைத்த குடும்பம். அவனுக்கு பாசிர் ரிஸ்ஸில் வீடு, பழைய கார்களுக்கு வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்து விற்கிற வியாபாரம். நேரில் அவனை "பாய்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவன் பெயர் நெட்டையன்.

அவனை மறுபடி எங்கள் வாழ்க்கைக்குள் கொண்டுவந்தது அந்தக் கார்தான். என் மனைவி கப்பல் பட்டறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றதும் மற்றவர்களைப் போல கோயில், உல்லாசக் கப்பல் என்று கிளம்புவாள் என்று பார்த்தால், அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த, கூரை திறக்கிற, பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து நின்றாள். பழைய கார் திட்டத்தில் பதிவானது, நினைத்தபோதெல்லாம் ரோட்டில் இறக்க முடியாது, வருஷத்துக்குக் கொஞ்ச நாள்தான். மற்ற நாளெல்லாம் பிடோக்கில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்து மாடிக் கார்பார்க்கில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும்.

அதில் ரெண்டே சீட்டு. ஒன்று ஓட்டுகிற அவளுக்கு, இன்னொன்று எனக்கு. எனக்கு லைசென்ஸ் கிடையாது. பிள்ளைகளுக்கு உயர்திணையும் அஃறிணையும் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான், ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க அவளோடு பேசிக்கொண்டே போவதற்கு ஈடாக எதையும் தரமாட்டேன். எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் என்ஜின் காதைக் கிழிக்கும். நான் தொண்டை வற்றக் கத்துவேன். அவள் "ஆங்?" என்பாள். மறுபடி சொல்வேன். மறுபடி "ஆங்?" என்பாள். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

ஒரு நாள் காரின் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. நெட்டையன் வந்தான், கீழே படுத்தான், பாதி உடம்பு காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்து, "டிஃப்ல, அதான் பின்சக்கரத்தைச் சுத்தற பல்சக்கரப் பெட்டியில, பல்லு தேஞ்சு போச்சுப்பா. மாத்தித்தான் ஆகணும்" என்றான். கார் வொர்க்‌ஷாப்புக்குப் போனது. அன்றிலிருந்து இருவரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். காலையில், சாப்பாட்டு நேரத்தில், சீரியல் நேரத்தில். கட்டின புருஷன் பக்கத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன், அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெளியே காரிடாரில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"இல்லடா, நான் முடிவு பண்ணிட்டேன். எனக்கு டால்தான் வேணும். இவ்வளவு வருஷம் ஷார்ட்டோட காலம் தள்ளியாச்சு, போதும் லா."

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"சிட்டிக்குள்ள ஷார்ட் ஓகே. எடுத்ததும் துள்ளும். ஆனா கொஞ்ச தூரம் போனா ஒரே கத்தல்டா. காது வலிக்குது. டால்னா அலட்டிக்காம, அமைதியா, எவ்வளவு தூரம் வேணும்னாலும் வரும்ல?"

அடிப்பாவி! அவன் நெட்டை, நான் குட்டை, ஒத்துக்கொள்கிறேன். கத்துகிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக "துள்ளும்" என்றா சொல்வது? துள்ளுவார் என்றுகூட வேண்டாம், துள்ளுவான் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆயுசு பூரா திணை சொல்லிக் கொடுத்தவனைக் கடைசியில் அஃறிணையில் கொண்டு தள்ளிவிட்டாளே!

அவள் உள்ளே வந்தபோது தேநீர் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

"யாரை மாத்தப் போற?" என்றேன்.

"எதை?"

"யாரை!"

"டிஃப்பைத்தான். வேற எதை மாத்துவாங்க?"

விஷயம் புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். அப்புறம் கையிலிருந்த வளையலையும் விரலிலிருந்த மோதிரத்தையும் கழற்றி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். நான் கல்யாணத்தில் போட்ட மோதிரம் அது. சோப்பு கீப்பு எதுவும் தேவைப்படாமல் சுளுவாகக் கழன்று வந்ததை நான் கவனித்துக்கொண்டேன்.

"மோதிரம் என்ஜின் பக்கத்துப் பல்சக்கரம். வளையல் சக்கரத்துப் பக்கம். சின்னது எத்தனை தடவை சுத்தினா பெருசு ஒரு தடவை சுத்தும்? அதுதான் ரேஷியோ. இப்ப நம்மகிட்ட இருக்கறது நாலு புள்ளி ஒண்ணு. அதை ஷார்ட்னு சொல்வாங்க. சிக்னல்ல சட்டுனு எடுக்கும். ஆனா வேகமா போறப்ப என்ஜின் கிடந்து அலறும். மூணு புள்ளி ஏழு போட்டா டால். எடுக்கறப்ப கொஞ்சம் சோம்பல். ஆனா ஹைவேல சத்தமே இருக்காது."

"பெரிய நம்பருக்கு ஷார்ட், சின்ன நம்பருக்கு டாலா? எந்த மடையன் வெச்ச பேரு?"

"உங்களை மாதிரி சண்டை போட அப்ப யாரும் இல்ல போல."

எனக்கும் சிரிப்பு வந்தது. மனசு லேசாகி அடுப்பைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே கேட்டேன்: "ஹைவேன்னா எது? இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு அரை மணி நேரம்."

"இங்க இல்லங்க. அந்தப் பக்கம், மலேசியாவுல. கேமரன் மலை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

"என்கிட்ட சொல்லவே இல்லையே? அவருக்குத் தெரியுமா?"

"எங்க ஓட்டப் போறோம்னு தெரிஞ்சாத்தானே அவன் ரேஷியோ சொல்ல முடியும்? அவன்கிட்டதான் முதல்ல சொன்னேன்."

முதல்ல! அந்த ஒரு வார்த்தையில் வயிறு திரும்பவும் எரிய ஆரம்பித்தது, இந்தத் தடவை அணையவில்லை. கார் ரெண்டு சீட்டு. பயணம் ரெண்டு நாளாவது ஆகும். ஆசையை முதலில் கேட்டவன் நெட்டையன். அப்படியானால் பக்கத்து சீட்டில் யார்? வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்கவில்லை.

அதனால் வேறு வழியில் இறங்கினேன். டால் போட்டால்தானே மலேசியா? ஷார்ட்டே போட்டுவிட்டால் கார் ஊருக்குள்ளேயே சுற்றும், பக்கத்து சீட்டில் நானே இருப்பேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். புரிந்தது பாதி, புரியாதது பாதி. சாப்பிடும்போது போகிற போக்கில் எடுத்து விடுவேன்: "டால்னா ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச் சீக்கிரம் தேஞ்சிடுமாமே?" அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "ஏன், உலகத்துல அவருக்கு மட்டும்தான் தெரியணுமா?" என்பேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும், புருஷனுக்கும் காரில் ஆர்வம் வந்துவிட்டது என்று. பாவம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேக்கா சந்தை டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டால், ஷார்ட் ரெண்டு பல்சக்கர செட்டும் ஒரு வியாபாரியிடம் இருக்கிறது, எது வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்று நெட்டையன் சொல்லியிருந்தான். கடையில் ஒரே கூட்டம். முதுகுக்குப் பின்னால் காய்கறிப் பையோடு யாராவது இடித்துக்கொண்டே போனார்கள். நெட்டையன் மேசைக்கு அடியில் காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தான். அவன் தேத்தாரேக் டீயை அவள் எட்டி எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உனக்கு சீனி ஜாஸ்திடா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள். என் டம்ளரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் சீனி ஜாஸ்திதான்.

நெட்டையன் தொண்டையைச் செருமினான். "நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன்பா. ஷார்ட்டே போட்டுடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷார்ட்டா? அது என் கட்சி ஆயிற்றே!

"ஏன்டா?" என்றாள் அவள். முகம் சுருங்கிவிட்டது.

"ஹைவேக்கு டால் நல்லதுதான், இல்லேங்கல. ஆனா தாப்பா ஊரைத் தாண்டினா மலை ஏத்தம். ரெண்டு ஆளு வெயிட்டு, சாமான் வேற. சின்ன என்ஜின் அது, டால் போட்டா மூச்சு வாங்கும். ஷார்ட்னா சத்தம் இருக்கும், ஆனா இழுத்துக்கிட்டுப் போயிடும். அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

நான் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இத்தனை நாள் பாடுபட்டது அதற்குத்தான். ஆனால் அவன் சொன்னதற்கு நான் தலையாட்டுவதா? அவள் முன்னாலா? அவன் வாயால் வந்ததனாலேயே ஷார்ட் எனக்குக் கசந்துவிட்டது.

"எனக்கென்னவோ டால்தான் சரின்னு படுது பாய்" என்றேன்.

நெட்டையன் புருவத்தைத் தூக்கினான். அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. என் தோளில் கை வைத்து, "பாத்தியாடா? எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு!" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்த வீடியோ எல்லாவற்றையும் அவிழ்த்து விட்டேன். ஏற்றம் கொஞ்ச தூரம்தான், கியரைக் குறைத்து நிதானமாக ஏறலாம், மற்றபடி முழுக்க நேர் ரோடு, இவ்வளவு நீள ரோட்டில் எதற்கு என்ஜினை அலற விட வேண்டும் என்றேன். நெட்டையன்கூட, "அதுவும் நியாயம்தான்" என்று தலையைச் சொறிந்தான். ஜெயித்துவிட்டேன். ஜெயித்த வேகத்தில் வாய் நிற்கவில்லை.

"சத்தம் குறைஞ்சா எவ்வளவு வசதி தெரியுமா? கத்தவே வேணாம். எல்லை தாண்டி ஜொகூர்ல பேச ஆரம்பிச்சா மலை வரைக்கும் நாம பேசிக்கிட்டே போலாம்."

தோளில் இருந்த கையை அவள் எடுத்துவிட்டாள். கரண்டியால் தேநீரைக் கலக்கினாள்.

"என்னங்க... நீங்க வரலங்க."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "அப்ப யாரு வர்றா? இவரா?" என்று கை நீட்டிக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யா அல்லாஹ், நானா?" நெட்டையன் பதறிப்போய் நிமிர்ந்ததில் மேசையில் முட்டியை இடித்துக்கொண்டான். "அண்ணே, அந்தக் கார்ல ஒரே ஒரு தடவை உக்காந்தேன். முட்டி ரெண்டும் தாடையில இடிக்குது. என்னால கதவையே சாத்த முடியாதுண்ணே!"

"பின்ன யாரு?"

"யாரும் இல்ல" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "நான் மட்டும் போறேன்."

"பக்கத்து சீட்டு?"

"பை வைப்பேன்."

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. "கோவிச்சுக்காதீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போன காலம் பூரா எந்நேரமும் என்னைச் சுத்தி நூறு பேரு, பட்டறைச் சத்தம். வீட்டுக்கு வந்தா நீங்க பேசுவீங்க. ஒரே ஒரு தடவை, யாரும் பேசாம, யார்கிட்டயும் 'ஆங்?'னு கேக்காம ஓட்டிப் பாக்கணும். அதுக்குத்தான் டால் கேட்டேன்."

நெட்டையன் என்றால் சண்டை போட்டிருப்பேன், அவனைக் கரித்துக் கொட்டியிருப்பேன், அவள் அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருப்பேன். யாருமே இல்லை என்பவளிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அவள் பணம் கட்டப் போனாள். நெட்டையன் தன் டம்ளரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "மன்னிச்சுக்குங்கண்ணே. ரெண்டு ஆளு வெயிட்டுன்னு நான் போட்ட கணக்கு உங்களையும் சேத்துத்தான். நீங்க போவீங்கன்னுதான் நெனச்சேன்."

போன மாதம் அவள் கிளம்பிப் போனாள். மத்தியானம் ஏதோ ஓய்வு நிறுத்தத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். கார் கூரை திறந்திருந்தது, அவள் நிழல் கதவின் மேல் விழுந்திருந்தது. "சத்தமே இல்லங்க" என்று கீழே எழுதியிருந்தாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் பை இருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டு விட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.