டோரீன் டீச்சரின் துவக்குப் பாடம்

துவக்கைப் பற்றி டோரீன் டீச்சருக்கு அதுவரை தெரிந்ததெல்லாம், தோட்டத்துத் துரை காட்டுப்பன்றியைச் சுடும்போது கேட்கிற சத்தம் மட்டும்தான். அந்தத் துவக்கைத் தன் கையிலேயே பிடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் அன்று அவருக்குக் காலைத் தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டுக் கலவரம் அடங்கிய கையோடு, இலங்கை மலைநாட்டில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைத் திருடர் பயம் பிடித்துக்கொண்டது. டோரீனின் கணவர் இக்னேசியஸ் தேயிலை பதனிடும் டீமேக்கர். கொழுந்து அரைக்க விடியுமுன்னே தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மலை வளைவில் ஒற்றையாய் நிற்கும் குவாட்டர்ஸில் டோரீன் தனி ஆள்.

"திருட்டுப் பயம் தீர்ற வரைக்கும் ஹட்டன்ல எங்க அக்கா வீட்டுல போயி இரு" என்றார் இக்னேசியஸ்.

நல்ல யோசனைதான், சொன்னவருக்கு! தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இருப்பதே ஒரு டீச்சர். ஹட்டனுக்குப் போனால் பள்ளிக்கூடமும் போச்சு, வேலையும் போச்சு. டோரீன் அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த வாரமே துரை, தோட்ட உத்தியோகத்தருக்குத் துவக்குப் பயிற்சி என்று அறிவித்ததும் டோரீனுக்கு வாய் திறந்தது.

"நானும் பழகுறேங்க. தேறலைன்னா மறுநாளே ஹட்டனுக்குப் போயிர்றேன்."

இக்னேசியஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போனது.

பழக்க வந்தவர் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் சிவராசா, யாழ்ப்பாணத்துக்காரர். மைதானத்தில் இக்னேசியஸோடு நாலைந்து ஆண்கள், நடுவில் டோரீன்.

"சுடுறது கடைசி வேலை. விரலை விசையில வைக்காமல், 'ஆரது?' எண்டு கேக்கிறதுதான் முதல் வேலை. விளங்குதோ, ரீச்சர்?"

விளங்கியது. ஆனால் துவக்கைத் தோளில் சாய்த்ததும் நெஞ்சு அடித்த அடியில் எல்லாம் மறந்துவிடும் போலிருந்தது. பயமில்லை, அத்தனையும் சந்தோஷம்! முதல் வெடி குறியாக வைத்த தேயிலைப் பெட்டியை விட்டுவிட்டு, பக்கத்து மரக்கிளையை முறித்தது. தோள் விண்ணென்று வலித்தது.

"இன்னொரு தோட்டா குடுங்க சார்!" என்றார் டோரீன், கண்கள் மின்ன.

"அக்காவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றார் இக்னேசியஸ்.

பயிற்சி முடிவில் சோதனை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு. தொழிலாளர் லயத்துச் சனம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்து மைதானக் கரையில் குந்தியிருந்தது. தோட்டா போடாத துவக்கு. கிளாக்கர் றோலண்ட் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு திருடனாகப் பாய்ந்து வருவார்.

இக்னேசியஸின் முறை வந்தது. கம்பளியைக் கண்டதுமே 'டிக்'கென்று விசையை இழுத்துவிட்டார்.

"செத்தது ஆரெண்டு தெரியுமோ, ஐயா? உங்கட மனுசியாயும் இருக்கலாம்!" என்றார் சிவராசா.

அடுத்தது டோரீன். கம்பளி பாய்ந்தது. விரல் அசையவில்லை. வாய்தான் திறந்தது, வகுப்பில் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற அதே குரலில்.

"யாருடா அது? நில்லு அங்கேயே!"

றோலண்ட் அப்படியே நின்றார். கரையில் குந்தியிருந்தவர்களில், டோரீனிடம் எழுத்துப் படித்த அத்தனை பேரும் சட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். கொழுந்துப் பெண்கள், பிள்ளைகுட்டிக்கார ஆம்பிளைகள், புதுக் கங்காணி உட்பட!

"நாங்க ஒண்ணும் பண்ணலைங்க டீச்சர்" என்றது ஒரு குரல்.

மைதானமே சிரிப்பில் அதிர்ந்தது. சிவராசா தன் வாயிலிருந்து விழுந்த சுருட்டைக் குனிந்து எடுத்தார். அவரும் ஒரு கணம் விறைத்துத்தான் நின்றிருந்தார்.

"ரீச்சர் பாஸ். ஐயாதான் இன்னொருக்கா வரவேணும்."

டோரீனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் விடியற்கால வேலையை முடித்து, காலைச் சாப்பாட்டுக்கு இக்னேசியஸ் வீட்டுப் படியில் கால் வைத்தார்.

"யாரது? நில்லு!" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

அவர் நின்றார். கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

"நான்தான்... டீச்சர்."

"ஹட்டனுக்கு யாரு போறது?"

"யாருமே போகலைங்க."

கதவு திறந்தது. துரை கொடுத்த துவக்கு உள்ளே சுவர் ஆணியில் தொங்க, டோரீன் புத்தகப் பையோடு வெளியே வந்தார்.

"சோறு அடுப்புல இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, சரிவுப் பாதையில் பிள்ளை மாதிரி ஓட்டமாய் இறங்கிப் போனார்.