கொம்பிரசரைத் திறக்கும் முன்பே போய்விட்டார் சுகிர்தா

காலையில் ஐஸ் ஏற்றும் நேரத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கட்டிகள் சரிவில் உரசி இறங்கும் சத்தம், லொறிக்காரர்களின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஸை உறைய வைக்கும் கொம்பிரசரின் இரைச்சல். அந்த நேரம் பார்த்துத்தான் ஜெபரத்தினம் மாஸ்டரின் அழைப்பு வந்தது. "அண்ணை, சுகிர்தா போயிட்டா" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் என் வாய், "என்ன மாஸ்டர்? கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டது. பாவம், தன் மனைவி இறந்த செய்தியை அந்த மனிதர் மறுபடியும் உரத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

சுகிர்தாவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அச்சுவேலிப் பக்கத்தில் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்களே, உங்களுடைய இயந்திரத்தில் அவர் பூட்டிவிட்ட சின்னப் பெட்டி இந்த நேரமும் பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுகிர்தா இயந்திரப் பொறியியலாளர். ஊர் மானிப்பாய். அச்சுவேலியில் ஒரு கடையின் மேல்மாடியில் சின்னதாக அலுவலகம் வைத்திருந்தார். இயந்திரம் உடைந்த பிறகு வந்து திருத்துவது அவருடைய தொழில் அல்ல. உடையப்போகிறது என்பதை அது உடையுமுன் சொல்வதுதான் தொழில். என்னைவிட இளையவர். எனக்குச் சகோதரி இல்லாத குறை இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

நான் வடமராட்சிக் கரையில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் ஐஸ் தொழிற்சாலைக்கு முகாமையாளர். முதல் நாள் அவர் வந்தபோது கொம்பிரசரைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். அவரோ அதைத் தாண்டி நேரே பின்வளவுக்குப் போனார். அங்கே பழைய மோட்டார்களும் பம்புகளும் குப்பையாகக் கிடந்தன. மணல் கறுத்துப் போயிருந்தது. குனிந்து விரலால் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, "கிணறு எங்கை அண்ணை?" என்று கேட்டார். காட்டினேன். கூப்பிடு தூரமும் இல்லை. "உந்த எண்ணெய் எல்லாம் மண்ணுக்கை இறங்கி எங்கை போகுதெண்டு நினைக்கிறியள்? எங்கடை நிலம் சுண்ணாம்புக் கல்லு. ஒண்டையும் தடுத்து வைச்சிராது" என்றார். பிறகு, "ஒரு மிசினை வாங்கிற அண்டே அதை எப்பிடிக் கழட்டிறது, எந்தத் துண்டு எங்கை போறது எண்டும் யோசிக்கோணும்" என்றார். கலியாண வீட்டில் செத்த வீட்டுக் கதை கதைக்கிற மனிசியாக இருக்கிறாவே என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் கொம்பிரசருக்கு வந்தார். தண்டின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சென்சர், மேலே தொடாமலே கண்ணாடிக் கண்ணால் சூடு பார்க்க இன்னொன்று. அதிர்வு, சூடு, இழுக்கும் மின்சாரம் எல்லாம் போனில் ஒரு கோடாக ஓடும். கோடு கிடையாகப் போனால் சுகம். நிமிரத் தொடங்கினால் எங்கோ நோகிறது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கியூஆர் கட்டக் குறி ஒட்டினார். போனைக் காட்டினால் அது எப்போது வந்தது, என்ன வருத்தம் கண்டது, கழற்றினால் வேறு எதற்கு உதவும் என்று எல்லாம் வரும். எங்கள் ஆட்கள் அதற்குச் சாதகம் என்று பெயர் வைத்தார்கள். சங்கத் தலைவர் மட்டும் நம்பவில்லை. "என்ன தங்கச்சி, மிசினுக்கு ஈசிஜி எடுக்கப் போறீங்களோ?" என்று நக்கலாகக் கேட்டார். "ஓம் ஐயா. நெஞ்சு நோ வரமுதல் எடுத்தால்தானே பிரயோசனம்" என்றார் இவர். தலைவர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம் என்பது சுகிர்தாவுக்குத் தெரியும்.

அந்த வருடத்து ஆயுத பூசையை மறக்க முடியாது. கடலுக்குப் போகிறவன் போய்க்கொண்டிருக்க, எங்கள் கொம்பிரசருக்குப் பூசை நாளிலும் ஓய்வில்லை. ஓடிக்கொண்டிருந்தபடியே திருநீறும் சந்தனமும் வைத்து மாலை போட்டோம். புதிதாக வந்த பிள்ளைக்கு வைக்காமல் விடலாமோ என்று, எங்கள் மெக்கானிக் தவம் சூடு பார்க்கும் சென்சரின் வட்டக் கண்ணாடியில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் வைத்தான். சற்று நேரத்தில் என் போன் அடித்திருக்கிறது. தேவாரச் சத்தத்தில் கேட்கவில்லை. அச்சுவேலியிலிருந்து மழையில் நனைந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் சுகிர்தா. முகம் வெளுத்திருந்தது. கொம்பிரசர் குளிர்ந்து செத்துவிட்டதாக அவருடைய போன் சொன்னதாம்.

நேரே கொம்பிரசரிடம் போனவர் அந்தப் பொட்டைக் கண்டார். ஞாயிறு தவறாமல் கோயிலில் ஓர்கன் வாசிக்கிற மெதடிஸ்த வீட்டுப் பெண், எங்கள் பூசையைப் பழிக்கப் போகிறார் என்று நாங்கள் பயந்தோம். தன் கைலேஞ்சியால் சந்தனத்தைத் துடைத்தார். துடைத்ததை வீசாமல், சென்சர்ப் பெட்டியின் மேல்விளிம்பில் தன் கையாலேயே அழகாக வைத்துவிட்டார். "பொட்டு வைக்கிறதெண்டால் நெத்தியிலை வையுங்கோ தவம். கண்ணிலை வையாதேங்கோ" என்றார். பிறகு இரண்டு கை நிறையக் கடலையும் வாங்கிக்கொண்டு போனார். அதன் பின் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முதல் பொட்டை வைத்தது அவர்தான்.

இந்த வருடம் பங்குனி கழிந்து கொஞ்ச நாளில் கோடு நிமிரத் தொடங்கியது. மிக மெல்ல. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பெல்ற் ஓடும் பக்கத்து பெயாரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், பழுதாகத் தொடங்கிவிட்டது என்றார் சுகிர்தா. மற்ற எதிலும் பழுதில்லை, அதை மட்டும் மாற்றினால் போதும் என்றார். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. கொம்பிரசர் கிழடாகிவிட்டது, முழுதாகக் கழற்றி இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது எடுப்போம் என்று நின்றார். கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சுகிர்தா எழுந்தார். "ஒரு பல்லுச் சொத்தை எண்டால் தாடையைக் கழட்டிறதோ ஐயா? நல்லாயிருக்கிற இரும்பை ஏன் கொல்லுறியள்? உதை உருக்கிப் புதிசு வார்க்க எவ்வளவு நெருப்பு வேணும்?" என்று கேட்டார். தலைவரும் விடவில்லை. "திறந்து பாக்கேக்கை வேறை இடமும் தேஞ்சிருந்தால்?" "அப்பிடியெண்டால் நான் படிச்சது பிழை. என்ரை பெட்டியளைக் கழட்டிக்கொண்டு போறன். இஞ்சை மட்டுமில்லை, எல்லா இடத்திலயும் கழட்டுறன்." பெயாரிங்கை மட்டும் மாற்றத் தலைவர் ஒத்துக்கொண்டார்.

திறப்பதற்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. எங்கள் கரையில் வாடைக்காற்று எழுந்து, கடல் அடித்து, தொழிலுக்குப் போக முடியாமல் மூடும்வரை படகுகள் ஓயாது. அதுவரை கொம்பிரசரை நிறுத்த முடியாது. வெயில் உச்சத்தில் ஓட்டாமல், பெல்ற்றின் இறுக்கத்தைக் குறைத்து, எண்ணெயைக் குளிர வைத்திருந்தால் அதுவரை தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். அப்படியே செய்தோம். மின்சாரமும் குறைந்தது. கடல் மூடட்டும், திறப்போம் என்று எல்லோரும் காத்திருந்தோம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் அவர்.

ஆடி மாதத்தில் அவர் வருவது குறைந்தது. வயிற்று நோ என்றார். அல்சர் என்றார். ஆவணியில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே ஈரலுக்கும் போயிருந்தது. வைத்தியசாலைக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் ஒரு பிடி ஆளாகக் கிடந்தார். போன் மட்டும் தலையணைக்குப் பக்கத்தில். என்னைக் கண்டதும் சுகம் விசாரிக்கவிடாமல், "நேற்றுப் பின்னேரம் வெயிலுக்கை ஓட்டியிருக்கிறியள்" என்றார். கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அன்று அவரிடம் சொன்னேன். "சுகிர்தா, நாளைக்கே கொம்பிரசரை நிப்பாட்டித் திறக்கிறம். தவத்தைக் கொண்டு போனிலை காட்டுறன். இஞ்சை இருந்து பாருங்கோ." தலைவரிடம் முன்பே கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். எங்கள் படகுக்காரர்களும் சம்மதித்திருந்தார்கள். மிஸ்ஸுக்காக ஒரு நாள் ஐஸ் இல்லாமல் இருந்தால் ஒன்றும் குறையாது என்று அவர்களே சொன்னார்கள். சுகிர்தாவின் கண் ஒரு கணம் மின்னியதை நான் கண்டேன். பார்க்க எவ்வளவு ஆசை இருந்தது என்பது எனக்குத் தெரியும். பிறகு தலையை ஆட்டினார். "வேண்டாம் அண்ணை. சீலாவும் பாரையும் வலையிலை படுற காலம். எனக்காக ஐஸை நிப்பாட்டாதேங்கோ. மிசின் பொறுக்கும். நானும் பொறுப்பன்."

மிசின் பொறுத்தது. அவர்தான் பொறுக்கவில்லை. அவர் சொல்லைக் கேட்காமல் நிறுத்தியிருக்கலாமே என்று மனம் கிடந்து அடிக்கிறது. நிறுத்தியிருந்தால் என்னுடன் கோபித்திருப்பார் என்பதும் தெரியும். எனக்கும் அவர் மேல் கோபம்தான். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை.

மானிப்பாயில் நல்லடக்கம். எங்கள் கரையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனோம். வெள்ளை வேட்டியோடு கோயிலுக்குள் எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் பார்த்துப் பார்த்து எழும்பினார்கள். சேமக்காலையில் எல்லோரும் மண் போட்டோம். தலைவர் போட்டுவிட்டு நகராமல் நின்றார். "இன்னும் திறக்கேல்லையே தங்கச்சி" என்றார். குழியைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஐப்பசி கடைசியில் கடல் மூடியது. படகுகளைக் கரையில் ஏற்றினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கொம்பிரசரை நிறுத்தினோம். அந்த இரைச்சல் அடங்கியதும் அலைச் சத்தம் தொழிற்சாலைக்குள் வந்தது. தவம் கழற்றினான். சங்கத்து ஆட்கள் சுற்றிவர நின்றார்கள். தண்டு பளிங்காக இருந்தது. பெல்ற் இல்லாத மறுபக்கத்து பெயாரிங் புதிதுபோல இருந்தது. பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தோம். ஒன்றிலும் தேய்வில்லை. கடைசியாகப் பெல்ற் பக்கத்து பெயாரிங்கைக் கழற்றித் துடைத்துத் தடவிப் பார்த்த தவம், "இருக்கு" என்றான். ஒரே ஒரு கீறல். அவர் சொன்ன பக்கத்தில், அவர் சொன்ன வளையத்தில்.

"பொறுங்கோ, மிஸ்ஸுக்கு ஒரு போட்டோ அனுப்புவம்" என்று சந்தோசத்தில் தவம் போனை எடுத்தான். எடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. போனைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டான். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடற்பக்கமாக நடந்தார். புதிய பெயாரிங்கை அன்றே பூட்டினோம். அந்தக் கொம்பிரசர் இன்னும் நெடுங்காலம் ஓடும்.

கழற்றியதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு மானிப்பாய்க்குப் போனேன். மாஸ்டர் தனியாக இருந்தார். விசயத்தைச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கை அண்ணை? ஒண்டும் தெரியேல்லையே."

"கண்ணுக்குத் தெரியாது மாஸ்டர். நகத்தாலை தடவிப் பாருங்கோ."

உள்வளைவில் மெல்ல நகத்தை ஓட்டினார். ஓர் இடத்தில் தடக்கியது. மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் மறுபடியும் தடக்கியது.

"இதுவோ? இவ்வளவு சின்னனோ?"

"ஓம். இதைவிடச் சின்னனாக இருக்கேக்கையே கண்டிட்டா."

நெடுநேரம் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவவின்ரையை நாங்கள் ஒருத்தரும் இவ்வளவு சின்னனிலை காணேல்லை அண்ணை." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். ஆறுதல் சொல்லத்தான் போயிருந்தேன். பெயாரிங்கை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்துவிட்டது. மனைவி முழங்கால் உளைவு என்றால் அடுத்த நாளே டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். தவம் இருமினால் எப்போதிருந்து என்று கேட்கிறேன். ஐஸ் ஏற்றுகிறவன் முகம் வாடியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டு விசாரிக்கிறேன். மனேச்சருக்கு விசர் என்று எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சின்னதாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்கிற இந்த விசர்தான் சுகிர்தா எனக்கு விட்டுப்போனது. ஊரில் எல்லோரிடமும் கேட்கிறேன். அவரிடம் கேட்கத்தான் இனி வழியில்லை.