உப்புத் தேத்தண்ணி

போன கிழமை என் சுப்பர்வைசருக்கு உப்புத் தேத்தண்ணி கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன்.

சிட்னிக்கு வடக்கே, கடலோரச் சதுப்புக் காடு. கடதாசிபோலப் பட்டை உரியும் பேப்பர்பாக் மரங்கள் கூட்டமாகச் செத்து நிற்கின்றன. அங்கே புதுக் கன்று நடுவதுதான் எனக்கும், சிட்னியின் டூங்கபியில் இருந்து வரும் ரவிக்கும் வேலை. தண்ணீர், பக்கத்து ஓடையில்.

முதல் நாளே ரவி அதை நாக்கில் வைத்துப் பார்த்தான். துப்பினான்.

“அண்ணை, உவர்!”

யாழ்ப்பாணத்தானுக்கு உப்பு அளக்க மீற்றர் வேண்டுமா? உவர்க் கிணறா, நல்ல தண்ணிக் கிணறா... நாக்கே சொல்லும்.

“போய்ச் சொல்லுங்கோவன்.”

“நீயே சொல்லன்.”

“உங்கடை இங்கிலிஷ்தான் திறம்.”

நக்கல். போனேன்.

“நோ குட் வாட்டர், பொஸ்.”

சுப்பர்வைசர் கிறெக் சிரித்தார். “குடிக்கப்போறது மரம்தானே, மேட்? நீயில்லையே!”

அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துவிட்டார். நம் ஆட்களுக்கு உப்பில்லாததுதான் ‘நல்ல தண்ணி’. சொல்லிவிட்டேன் என்றே நானும் நினைத்தேன்.

மூன்று கிழமையில் கன்றுகள் கருகின.

“நீங்கள் தண்ணி ஊற்றவில்லை” என்றார் கிறெக்.

ஊற்றவில்லையா? வாளி தூக்கிய தோள் இன்னும் நோகிறது!

அன்றைய தேத்தண்ணிக்கு ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஒரு மிடறுதான். துப்பினார்.

“சோல்ட்!”

“யெஸ் பொஸ். நோ குட் வாட்டர்.”

ரவி மறுபக்கம் திரும்பி நின்றான். முதுகு குலுங்கியது.

கிறெக் ஓடைக்கரைக்கு நடந்தார். செத்த மரங்களுக்கு நடுவே கண்டல் முளைத்திருந்தது. உப்பில் வளர்கிற மரம். யாரும் நட்டதில்லை. மழை குறைந்து ஓடை மெலிந்துவிட்டது. கடல் உயர்ந்து உள்ளே வருகிறது. ஒரு காடு போய் இன்னொரு காடு வருகிறது... இதைப் பார்க்கப் படிப்பு வேண்டுமா?

கிறெக் நல்ல மனிதர்தான். அங்கேயே நின்று ஒஃபிசுக்குப் போன் போட்டார்.

பதில் என்ன தெரியுமா? கன்று செத்த காரணம் எழுதுகிற ஃபோர்மில் ‘கடல்’ என்று ஒரு கட்டம் இல்லையாம். ‘வறட்சி’ இருக்கிறதாம். அதை எழுதிவிட்டு, அதே கன்றை அதே இடத்தில் நடட்டுமாம்!

வறட்சி பாதி உண்மை. மற்றப் பாதியை யார் எழுதுவது? கண்டலா?

இந்தத் திங்கள் லொறி வந்தது. அதே பேப்பர்பாக். அதே ஓடை. சாகப்போகிறது என்று தெரிந்தே ஒரு கன்றை மண்ணில் வைக்கிற கை எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும்.

போனில் பேசிய அந்த ஒஃபிஸ்காரர் எங்கே தேத்தண்ணி குடிக்கிறவர் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.