ஒரு முதுகுக்கு மூன்று சொந்தக்காரர்

யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் உள்ள இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தோளிலிருந்து எலும்பை எடுப்பேன். பின்னேரம் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து முதுகுகளைப் பார்ப்பேன். முதுகுகள் என்றுதான் சொல்ல வேண்டும். இலங்கை அகதி முகாம்களின் படங்கள் இணையத்தில் வந்துகொண்டிருந்தன. படம் எடுத்தவர்கள் எப்போதும் தண்ணீர் வரிசைக்குப் பின்னால் நின்றுதான் எடுத்தார்கள் போலும். பிடரி, தோள், வாளி பிடித்த கை, அவ்வளவுதான் தெரியும். அவற்றில் பெரியண்ணை இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருந்தேன். வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். தை மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஏதாவது படம் சந்தேகமாக இருந்தால் ஒடென்சேயில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்து, அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை எழுத்தெழுத்தாக வாசிப்பேன். அவள் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் தோட்டச் சாமான் விற்கிற பக்கத்துக்குப் போய் நிற்பாள். மேல்மாடியில் தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருவர் குடியிருந்தார். காற்றாலை வேலை, எங்கள் சபைக்காரர். ஒருநாள் நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பிரதர், டபிள்யூ டபிள்யூ டபிள்யூன்னு ஜெபம் பண்றீங்க? இதுக்கெல்லாம் இப்ப டூல் வந்தாச்சு.”

ஐந்து நிமிடத்தில் ஒரு கருவியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் மேலேயே மஞ்சள் துண்டு ஒன்றை ஒட்டி, நினைத்ததை எழுதலாம். அதே கருவியை வைத்திருக்கிற மற்றவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் துண்டு அவருக்கும் தெரியும். தங்கச்சியையும் அதை ஏற்றச் சொல்லி, எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு குழுவும் தொடங்கித் தந்தார். “ஒட்டும்போது ‘குரூப்’னு இருக்கறத அமுக்குங்க, போதும்.” நான் ஓமோம் என்று தலையாட்டினேன். விளங்காத இடத்தில்தான் நான் கூடத் தலையாட்டுவேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு டேனிஷ் பத்திரிகையின் பக்கத்தில் அந்த முதுகைக் கண்டேன். இடுப்பில் நீலச் சாரம், மேலே சட்டை இல்லை, கையில் வாளி. காது தெரிந்தது. எங்கள் குடும்பக் காது தனி ரகம், கதவு பாதி திறந்த மாதிரி நிற்கும். மனைவியைக் கூப்பிட்டேன்.

“இஞ்சாருங்கோ, அப்பிடியே திரும்பி நில்லுங்கோ,” என்றாள்.

“ஏன்?”

“காதைப் பாக்கோணும். சேட்டையும் கழட்டுங்கோ.”

திரைக்குப் பக்கத்தில் வெறும் மேலோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஒருக்கால் என்னைப் பார்த்தாள், ஒருக்கால் படத்தைப் பார்த்தாள்.

“காது சரி. ஆனால் உங்களைவிட வடிவான முதுகு.”

“பட்டினி கிடந்தால் ஆருக்கும் வடிவாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பிறகு நான் இருந்து மஞ்சள் துண்டு ஒட்டினேன். “இவர் எங்கள் அண்ணை. சைக்கிள் கடை வைத்திருந்தவர். வலது காலை இழுத்து நடப்பார். கண்டவர்கள் அறிவிக்கவும்.” கீழே வீட்டு டெலிபோன் நம்பரையும் போட்டேன். தங்கச்சி பார்த்துவிட்டு ஏதும் சொல்வாள் என்று தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் துண்டுக்குக் கீழே வேறொரு துண்டு.

“வணக்கம் அண்ணை. நான் ஹோர்சன்ஸில் இருக்கிறேன். இது என் அப்பா என்றுதான் நினைக்கிறேன். உங்கள் அண்ணைக்கு இடது தோளில் மச்சம் இருக்கிறதா?”

முதலில் மச்சத்தைத்தான் யோசித்தேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. எங்கள் குடும்பக் குழுவுக்குள் ஹோர்சன்ஸ் பிள்ளை எப்படி வந்தது? போய்ப் பார்த்தேன். நான் அமுக்கியது ‘எல்லோருக்கும்’ என்பதை. அதுதான் வரிசையில் முதலாவதாக இருந்தது.

அதற்கு மேல் என் மூளை என்னிடம் கேட்காமல் ஓடத் தொடங்கியது. காயத்தோடு இருக்கிற ஆம்பிளைகளை முகாமில் ஆமிக்காரர் புலியோ என்று தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. அண்ணையின் கால் ரீவி அன்ரனா கட்டப்போய்க் கூரையால் விழுந்து முறிந்த கால். ஆனால் அன்ரனாவைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லையே! காலை இழுப்பார் என்று உலகத்துக்கே பறையடித்து, இதோ ஆள் என்று படத்தையும் காட்டி, விபரம் வேண்டுமென்றால் எடுங்கள் என்று நம்பரையும் கொடுத்திருக்கிறேன்.

வேறொருவர் என்றால் அந்தத் துண்டை அழிக்க வழி தேடியிருப்பார். நான் ரவுட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அதுவும் போதாது என்று பட்டது. கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு, கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிற கெல்டர் அறையில், குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் பூட்டினேன்.

“கம்ப்யூட்டருக்குக் குளிருதோ?” என்று மனைவி படியில் நின்று கேட்டாள்.

“பகிடி விடாதை. அண்ணையைக் காட்டிக் குடுத்திட்டன்.”

“சப்பாத்துக்குப் பின்னாலை வைச்சால் காட்டிக் குடுத்தது இல்லையெண்டு ஆகுமோ?”

மேல்மாடிக்கு ஓடி எஞ்சினியரைத் தேடினேன். அவர் எஸ்பியர்க் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை. பாஸ்டர் காணாமற் போனவர்களுக்காக ஜெபித்தபோது நான் ‘எல்லோருக்கும்’ என்பதை அமுக்கிய என் விரலுக்காகவும் சேர்த்து ஜெபித்தேன். முடிந்து கோப்பி குடிக்கும்போது எஞ்சினியர் வந்தார்.

“பிரதர், சர்ச்சுக்கு லிஃப்ட் கேக்கலாம்னு காலையிலிருந்து கூப்பிடறேன், உங்க வீட்டு போன் செத்துக் கிடக்கு.”

நான் குரலைத் தாழ்த்தி முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“ரவுட்டரப் புடுங்கினா இன்டர்நெட் அழியாது பிரதர். உங்க வீட்டு போன்தான் சாகும். போன் லைனும் அந்தப் பெட்டி வழியாத்தான் போகுது. நோட்டுக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு குப்பைத்தொட்டி இருக்குமே, அத அமுக்கியிருந்தா முடிஞ்சுது.”

இதைக் கேட்டு முடிக்கவில்லை, மனைவி கைப்பையிலிருந்து மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள். ஆராதனைக்காகச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தவள். தங்கச்சி திரும்பத் திரும்ப எடுத்திருந்தாள். நான் வாங்கித் திருப்பி அடித்தேன்.

“சின்னண்ணை! எங்க துலைஞ்சனீங்கள்?” தங்கச்சி அழுதாளா சிரித்தாளா என்று விளங்கவில்லை. “பெரியண்ணை கதைச்சவர்! ஆரோ ஒராளின்ரை போனிலை முகாமிலை இருந்து. நேற்றுப் பின்னேரம் தொடக்கம் உங்கடை வீட்டுக்குத்தான் அடிச்சுப் பாத்தவராம். உங்கடை போன் வேலை செய்யேல்லையாம். பயந்து போனார்.”

“ஆர் பயந்தது?”

“பெரியண்ணைதான். ‘தம்பிக்கு என்ன நடந்தது, டென்மார்க்கிலை ஏதும் பிரச்சினையோ’ எண்டு என்னட்டைக் கேக்கிறார்.”

கோப்பிக் கோப்பையை வைக்க ஓர் இடம் தேடினேன். இல்லை என்று எஞ்சினியரின் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து முதலில் ரவுட்டரைச் செருகினேன். அண்ணை பின்னேரம் திரும்ப எடுப்பதாகச் சொன்னாராம். டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மனைவி கெல்டரிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து போர்வையை உதறி மடித்தாள்.

போன் அடித்தது.

“டேய், உயிரோடை இருக்கிறியோ?” என்றார் அண்ணை.

நான் கேட்க வைத்திருந்த கேள்வியை அவர் கேட்டுவிட்டதால் ஓம் என்று மட்டும் சொன்னேன். அண்ணியும் பிள்ளைகளும் அவரோடு நின்றார்கள். கடை போய்விட்டது. அவசரமாகக் கதைத்தார், போன்காரர் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார் போலும். நான் காலைப் பற்றிக் கேட்டேன். ஆரும் விசாரித்தார்களா என்றேன்.

“இஞ்சை இப்ப எல்லாரும்தான் இழுத்து இழுத்து நடக்கினம். என்னிலை ஒரு வித்தியாசமும் தெரியாது.”

“அண்ணை, உங்களிட்டை நீலச் சாரம் இருக்கோ?”

“உயிர் தப்பி வந்தவனிட்டைச் சாரத்தின்ரை நிறம் கேக்கிறாய். ரண்டு கிழமையாய் நான் சாரம் இல்லாமல் களுசானோடைதான் நிக்கிறன். ஏன்ரா?”

ஒன்றுமில்லை என்றேன். லைன் அறுந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். குப்பைத்தொட்டி எஞ்சினியர் சொன்ன இடத்திலேயே இருந்தது. அமுக்கப் போனபோதுதான் கவனித்தேன். அந்தப் பிள்ளையின் துண்டுக்குக் கீழே இப்போது மூன்றாவது துண்டு. பாரிசிலிருந்து ஒருவர், அது தன் மச்சான் என்று எழுதியிருந்தார், காதை வைத்துத்தான் பிடித்தாராம். அவருக்குக் கீழே ஹோர்சன்ஸ் பிள்ளை திரும்பவும் வந்து, “அண்ணை, மச்சத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை” என்று என்னைக் கேட்டிருந்தது. நேற்றிலிருந்து, நான் சப்பாத்துகளுக்குப் பின்னால் கம்ப்யூட்டரை ஒளித்துவைத்திருந்த நேரம் முழுக்க, அந்தப் பிள்ளை பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது.

காலைப் பற்றிய வரியையும் நம்பரையும் அழித்தேன். துண்டை அழிக்கவில்லை. அதில் இப்படி எழுதினேன்: “எங்கள் அண்ணை இன்று கதைத்துவிட்டார். இது அவர் இல்லை. அவருக்கு மச்சமும் இல்லை. உங்கள் அப்பாவாக இருக்கட்டும், பிள்ளை.” இந்த முறை வேண்டுமென்றே ‘எல்லோருக்கும்’ என்பதை அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“நல்ல சந்தோசம் அண்ணை. அப்ப எனக்கு இனிப் பாரிஸ்காரர் மட்டும்தான் போட்டி.”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குசினிக்குள்ளிருந்து மனைவி என்ன என்று கேட்டாள். வந்து வாசித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். இடது தோளில் மச்சம் இருக்கிறதா என்று இரண்டு பேருமாகத் தேடத் தொடங்கினோம்.