தண்ணி வருதா என்று பார்க்கப் போனவர்கள்

முதல் செமஸ்டரில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் தூக்கம்தான். 'தகவல் தொழில்நுட்ப அறிமுகம்' என்று ஒரு பாடம், வாரத்தில் நான்கு நாள் முதல் பீரியட். தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் மேடம் வருகைப் பதிவை முடித்திருப்பார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொருகிவிடும். பாடம் வேப்பங்காயாகக் கசந்தது.

உனக்கு எதில் ஆர்வம், ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்பதுதான் முதல் வேலை. வகுப்பே போனிடம் கேட்டு, செயற்கை நுண்ணறிவு, சைபர் பாதுகாப்பு என்று எழுதியது. எனக்கு அப்படிக் கேட்கக்கூடத் தெம்பில்லை. உண்மையையே எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'காலையில் மோட்டாரைப் பார்க்கப் போகாமல் தூங்குவதில் ஆர்வம்.'

மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, கிண்டலா?"

"இல்லீங்க மேடம், நிசமாலுமே அதானுங்க."

எங்கள் தோட்டத்து மோட்டாரில் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அப்பா தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் போகிற வழியில் எங்கிருந்தாவது அந்த நம்பருக்கு ஒரு கால் போடுவார், மோட்டார் ஓடும். ஆனால் எங்கள் போர்வெல் ஒரு நாள் தண்ணீரைத் தள்ளும், ஒரு நாள் வெறும் காற்றைத் தள்ளும். காற்றில் ஓடினால் மோட்டாரின் காயில் கம்பி கருகிவிடும். அதனால் யாராவது தொட்டிக்குப் போய் நின்று, தண்ணீர் நிலையாக விழுகிறதா என்று பார்த்து அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். அம்மாவுக்கு அந்த நேரத்தில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிற வேலை. மலையடிவாரம் வேறு. யானை இறங்கிய மறுநாள் வரப்பில் லத்தியும் முறிந்த வாழையும் கிடக்கும். அன்றைக்கும் போகத்தான் வேண்டும். பார்த்துவிட்டு ஓடிவந்தால் ஏழேகால் பஸ் போயிருக்கும்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். "இப்படியே போனா அட்டெண்டன்ஸ் பத்தாது, பரீட்சை எழுத விட மாட்டாங்க. பேசாம அதையே புராஜெக்டா பண்ணிரு" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் லேபில் போயிற்று. தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற குழாயின் வாயில் ஒரு சென்சார், அதற்கொரு சின்ன போர்டு, ஒரு பழைய போன். இரண்டு தடவை புகைந்தது. மூன்றாம் தடவை லேப் வாளியில் தண்ணீர் ஊற்றியதும் 'தண்ணீர் வருகிறது' என்று என் போனுக்குச் செய்தி வந்தபோது, அந்தக் கல்லூரியில் முதல் முறையாக எனக்கு முழுசாக விழிப்பு வந்தது. பாடம் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான். அப்பாவின் போனுக்கும் செய்தி போகும்படியும், தண்ணீர் வராவிட்டால் மோட்டாரையே நிறுத்தும்படியும் செய்தேன். தோட்டத்தில் மாட்டியதும் அப்பாவிடம், "இனி யாரும் போவேண்டாமுங்க" என்றேன். "செரி அம்மணி" என்றார்.

இரண்டு வாரம் ஏழேகால் பஸ்ஸிலேயே போனேன். பெயரைக் கூப்பிடும்போது வகுப்பில் இருந்தேன். கருவியைக் காட்டுகிற நாளும் வந்தது. நான் சொல்லிவைத்தபடி அப்பா அன்றைக்கு வகுப்பு நேரத்தில் மோட்டாரைப் போட்டார். மேசைமேல் இருந்த என் போனில் செய்தி விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்வதற்குள் அம்மாவிடமிருந்து கால். இன்றைக்கு வகுப்பில் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன், அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, பெருமையாக ஸ்பீக்கரில் போட்டேன்.

"கண்ணு, தண்ணி நல்லா வருது, கண்ணாலயே பாத்துப்போட்டேன். உங்கப்பா போன் எடுக்க மாட்டீங்குறாரு, நீ சொல்லிரு."

"நீ எங்கிருக்கே?"

"தொட்டிகிட்டதான். தெனமும் பாத்துச் சொல்றதுதான?"

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. செய்தி வந்த பிறகும் அப்பா தினமும் அம்மாவுக்குப் போன் செய்து, ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பாலை ஊற்றிவிட்டு, வீங்கிய குதிகாலோடு, நான் பஸ் ஏறிய பிறகு அவள் போயிருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் கத்தினேன். அப்பா, "மெசேஜ் வருது, இல்லைங்கல. பாத்துட்டா ஒரு நிம்மதி" என்று முடித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அம்மாவிடம், "அவர் சொன்னா நீ எதுக்குப் போறே? மிசின்தான் சொல்லுதில்ல?" என்றேன்.

"சொல்லுது கண்ணு. நாளைக்கு மோட்டார் கருகிப்போச்சுன்னா, உங்கப்பாகிட்டப் பேச்சு வாங்கறதுக்கு அது வருமா?"

அறிமுகப் பாடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளையும் ஒதுக்கவில்லை. இப்படியே நேரத்துக்கு வந்தால் பரீட்சை எழுத அனுமதி கிடைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் மேடம் சொல்லியிருந்தார். நாளையிலிருந்து நானே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் போக வேண்டி வருமே. சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஏழேகால் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம்கூடக் கிடைத்தது.